சிவப்பு ஸ்டிக்கரை உரித்தவள்

கட்டபெட்டுக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் தெய்வம்மாவின் மூக்குக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சலிக்கும் அறையில் இருபத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். மூட்டையைப் பிரித்து ஒரு கை தூளை அள்ளி முகர்ந்தாளென்றால் போதும், நன்றாகக் காய்ந்ததா, ஈரம் மிச்சம் இருக்கிறதா, இன்னும் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்குமா என்று சொல்லிவிடுவாள். ஈரம் பார்க்க மெஷின் வந்து நாலு வருஷம் ஆயிற்று. இருந்தாலும் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பாளரான டீ மேக்கர், மெஷினைப் பார்த்துவிட்டு இவள் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே! வேறு எதற்குக் கர்வப்பட இந்த மலை அவளுக்கு இடம் கொடுத்தது?

அவளுடைய அப்பாவும் அம்மாவும் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள். தெய்வம்மா இங்கே தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் பிறந்தாள். ஆனாலும் கடைத்தெருவில் அவளுக்கு இன்னும் 'சிலோன்காரம்மா' என்றுதான் பெயர். பத்தொன்பது வயதில் தங்கையாவுக்குக் கட்டிவைத்தார்கள். அவர் ஆறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கப்பலில் வந்தவர். இன்றைக்கும் முடியாது என்று சொல்ல வராது, ஏலாது என்பார். டீ என்று சொல்ல வராது, தேத்தண்ணி என்பார். அதே தொழிற்சாலையில் ட்ரையர் அவர் பொறுப்பு. அவர் காயவைத்து அனுப்புவதை இவள் சலிப்பாள். தூளில் ஈரம் இருந்தால் அன்று வீட்டில் சண்டை. ஒரே மகள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள்.

சர்க்கரை வந்தது, சிறுநீரகத்தைத் தின்றது. நாற்பத்தொன்பது வயதில் தங்கையா டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். வாரம் இரண்டு தடவை ஊட்டி. பழகிக்கொண்டார்கள். மனுஷன் எதற்குத்தான் பழக மாட்டான்!

போன வருஷம் ஆனி மாதம் சளி நெஞ்சில் கட்டி மூச்சு முட்டியது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பிழைத்தார். தெய்வம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதற்குப் பலன் கிடைத்தது என்று நினைத்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் ஒருத்தி ஃபைலைக் கொண்டுவந்தாள். அதன் மேல் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"உங்க வீட்டுக்காரர் தோல்ல ஒரு கிருமி இருக்கும்மா. பூஞ்சணத்துல ஒரு வகை. கேண்டிடா ஆரிஸ்னு பேரு. இங்க ஐ.சி.யூ.ல இருக்கறப்ப ஒட்டிருக்கு. அவர அது ஒண்ணும் செய்யல, சும்மா இருக்கு. ஆனா சீக்காளிங்க ரத்தத்துல போச்சுன்னா ஆபத்து. பூஞ்சணத்துக்குக் குடுக்கற மருந்து பெரும்பாலும் இதுக்குக் கேக்காது. அதனால எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதக் காட்டணும். டயாலிசிஸ் தனி ரூம்ல, தனி மெஷின்ல செய்யணும்."

"எப்பப் போகும்?"

"சொல்ல முடியாதும்மா. மாசக்கணக்குல இருக்கும். சில பேருக்குப் போகவே போகாது."

தெய்வம்மாவுக்கு அந்தப் பேச்சில் பூஞ்சணம் என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. பூஞ்சணமா? அதோடுதானே அவள் இருபத்தோரு வருஷமாக மல்லுக்கட்டுகிறாள்! ஆடி மழையில் லயத்துச் சுவர் முழுக்கப் பூக்கிறது அதுதான். ஈரத்தைக் காட்டினால் வரும், சூட்டைக் காட்டினால் போகும். இதற்கா இத்தனை பெரிய ஸ்டிக்கர் என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கூட இருப்பாள்.

சிரிப்பெல்லாம் ஊட்டி போகிறவரைக்கும்தான். இரண்டு வருஷம் போய்வந்த இடம், வாட்ச்மேன் முதற்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே டாக்டர் ஃபைலைத் தொடாமலே படித்தார்.

"எங்ககிட்ட இருக்கறது மூணு மெஷின். ஒரே ஹால். ஒண்ண இவருக்கு மட்டும் ஒதுக்கி, தனியா ஒரு ரூமும் குடுத்தா, மத்த பதினோரு பேரு எங்க போவாங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. திட்டவாவது ஒரு ஆள் கிடைத்தால் மனசு ஆறும். இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் அதே ஸ்டிக்கர், அதே பார்வை, அதே பதில். கோயமுத்தூர்தான் ஒரே வழி என்றார்கள்.

கோயமுத்தூருக்கு ஆறு வாரம் போனார்கள். காலையில் கோத்தகிரி வழியாக பஸ் பிடித்து இறங்க வேண்டும். எல்லா நோயாளிகளும் முடிந்த பிறகுதான் இவருக்கு மெஷின். முடித்து, ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்து, விடிந்ததும் மலையேற வேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தங்கையா பாலிதீன் பைக்குள் வாந்தி எடுத்தார். கண்டக்டர்கள் இவர்களைக் கண்டாலே கடைசி சீட்டைக் காட்டினார்கள். ஏழாவது வாரம் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஏலாது தெய்வம். விட்டுரு."

"என்னத்த விடச் சொல்றீங்க? வாய மூடிட்டு எந்திரிங்க."

"சத்தியமா ஏலாது. இந்த பஸ்ல சாகறதுக்கு இங்கயே சாகறேன்."

டயாலிசிஸ் இரண்டு தடவை தவறியது. முகம் உப்பியது, கால் வீங்கியது, படுத்தால் மூச்சு இழுத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கட்டின புருஷன் கண் முன்னால் தண்ணீர் கோத்து மூழ்குவதைப் பார்க்கிறவளுக்கு நியாயம் சொல்ல யார் வருவார்கள்? நான் வர மாட்டேன்.

சலிக்கும் அறையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையில் ரகம் மாற்றி லேபிள் ஒட்டிவிட்டால், கிழித்தெடுக்க மாட்டார்கள். கெட்டிலின் ஆவியில் காட்டுவார்கள். பசை இளகி, தடம்கூடத் தெரியாமல் லேபிள் கையோடு வந்துவிடும். தெய்வம்மா எத்தனையோ ஆயிரம் லேபிள் உரித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் தண்ணீர் கொதிக்க, ஃபைலை ஆவியில் காட்டினாள். சிவப்பு ஸ்டிக்கர் சமர்த்தாகக் கையோடு வந்தது. உள்ளே இருந்த பரிசோதனைத் தாளையும் உருவி, இரண்டையும் அடுப்பில் போட்டாள். கட்டிலில் கிடந்த தங்கையா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை.

தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். ஆனால் அவள் ராட்சசி இல்லை. பூஞ்சணத்துக்கு என்ன வைத்தியம் என்று தனக்குத் தெரியும் என்று நம்பினாள். தங்கையாவின் வேட்டி, துண்டு, சட்டை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டாள். டயாலிசிஸில் குளிர் நடுக்கும், கம்பளி இல்லாமல் முடியாது. அந்தக் கம்பளியை மட்டும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். ட்ரையரில் இப்போது இருக்கும் ஆளிடம் கெஞ்சி, சூடான காற்று வரும் வாயில் கால் மணி நேரம் பிடித்து வாட்டினாள். கரகரவென்று காய்ந்து, தூள் வாசனையோடு திரும்பியது. அள்ளி முகர்ந்தாள். துளி ஈரம் இல்லை. அந்த மூக்கு இதுவரை அவளை ஏமாற்றியதில்லை. வாராவாரம் அதையே செய்தாள்.

குன்னூரில், இதற்கு முன் போயிராத ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஒரு கூடத்தில் நாலு நாற்காலி. ரஞ்சனி என்ற சிஸ்டர் பொறுப்பில் இருந்தாள். ஃபைலைப் புரட்டிவிட்டு, "கோயமுத்தூர்ல ஏதாவது இன்ஃபெக்ஷன் இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"சளிதாங்க சிஸ்டர். சரியாயிருச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். தங்கையா பிழைத்துக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் தானாக எழுந்து நடந்து லயத்து முனைவரைக்கும் போய் வந்தார்.

செவ்வாய், வெள்ளி காலையில் நெல்சனின் ஜீப் கோத்தகிரியிலிருந்து டயாலிசிஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு கட்டபெட்டு வழியாகக் குன்னூருக்குப் போகும். முதல் நாளே முன் சீட்டில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்கக்கா, புதுசுங்களா? ஏறுங்க, ஏறுங்க. நெல்சன் அண்ணன் வண்டியில எடம் இல்லீன்னு சொல்ல மாட்டாருங்க. பிரேக்குத்தான் இல்லீன்னு சொல்லுவாரு."

அதுதான் ஜோதிமணி. முப்பத்துமூன்று வயது. கோத்தகிரியில் அங்கன்வாடி டீச்சர். பிரசவத்தோடு சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸுக்காகக் கையில் வைத்த ரத்தக்குழாய் இணைப்பு சரிவராமல், கழுத்துக்குக் கீழே நிரந்தரமாக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதை மறைக்க எந்நேரமும் மஃப்ளர். புருஷன் பழனிச்சாமிக்கு அவலாஞ்சியில் மின்வாரிய வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பாப்பா பாட்டியோடு இருப்பாள். அதனால் ஜோதிமணி தனியாகத்தான் வந்து போவாள்.

தனியாக வருகிறவளைப் பார்த்துக்கொண்டு தெய்வம்மாவால் சும்மா இருக்க முடியுமா? அடுத்தடுத்த நாற்காலி வேறு. புருஷனுக்குக் கால் பிடித்துவிட்டு, அப்படியே திரும்பி இவளுக்கும் பிடித்துவிட்டாள். இருவருக்கும் இட்லி கட்டிக்கொண்டு வந்தாள். ஜோதிமணி குளிரில் பல் கிட்டி நடுங்கினால், தங்கையா மேல் கிடக்கும் கம்பளியை எடுத்து அவள் மேல் போடுவாள். வாட்டி எடுத்த கம்பளிதானே, என்ன வந்துவிடப்போகிறது?

"யாருங்கக்கா இந்தக் கம்பளிய வறுத்தது? தேத்தூள் வாசம் தூக்குது. ரெண்டு கப்பு சுடுதண்ணி ஊத்துனா ஊருக்கே டீ போடலாமாட்ட இருக்குதே!"

"பேசாமக் கெட புள்ள. நரம்பு இழுத்துக்கும்."

"அண்ணாவப் பாருங்க, குடுத்து வெச்சவரு. எனக்கு இப்படி ஒரு அக்கா பொறந்திருந்தா இந்நேரம் கிட்னியே ஒண்ணு வாங்கியிருப்பேன்."

தங்கையாகூடச் சிரித்தார். அவர் சிரித்துத் தெய்வம்மா பார்த்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஆவணியிலிருந்து தை வரைக்கும் ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. சில நாள் அவள் ஸ்டிக்கரை மறந்தேவிட்டாள்.

தை மாதம், உறைபனி விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை. மெஷின் ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் ஜோதிமணியின் உடம்பு தூக்கிப் போட்டது. கம்பளியைப் போர்த்தினார்கள், ஆஸ்பத்திரிப் போர்வையைப் போர்த்தினார்கள், ரஞ்சனி மேலே சாய்ந்து அழுத்திப் பிடித்தாள். நாற்காலியே ஆடியது. டாக்டர் வந்து பார்த்தார். குழாயில் கிருமி தொற்றியிருக்கும், வழக்கமாக வருவதுதான் என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

தெய்வம்மாவுக்கு ஸ்டிக்கர் நினைவுக்கு வந்தது. வழக்கமாக வருவது என்று டாக்டர் சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஜீப்பில் முன் சீட்டு காலியாக இருந்தது. முந்தின நாளே அட்மிட் செய்துவிட்டார்கள் என்றார் நெல்சன். மாடியில் போய்ப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. பழனிச்சாமி கட்டிலோரம் நின்றிருந்தான். "ஒண்ணுமில்லீங்க்கா, ஊசி மாத்தியிருக்காங்க, கேட்டுக்கும்ங்கறாங்க" என்று அவனே இவளுக்கு ஆறுதல் சொன்னான். அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. கீழே தங்கையா நாற்காலியில் கிடந்தார். சொன்னால் அந்த நாற்காலி போகும். மறுபடி பஸ், வளைவு, பாலிதீன் பை. அதை அந்த உடம்பு இனிமேல் தாங்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்லாவிட்டால் ஜோதிமணி போவாள். ஒரு கையில் புருஷன் உயிர், இன்னொரு கையில் இவள் உயிர் என்று எந்தத் தெய்வமும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவள் ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

சனிக்கிழமை ஜோதிமணியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிறும் திங்களும் தெய்வம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சலிக்கும் அறையில் ஈரத்தூளைக் காய்ந்தது என்று விட்டுவிட்டாள். டீ மேக்கர் மெஷினில் மறுபடி பார்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை தங்கையாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஊசி குத்தி மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, இனி நடுவில் நிறுத்த மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, ரஞ்சனியை வராண்டாவுக்குக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ரஞ்சனி வராண்டாக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத ஏன்க்கா இப்பச் சொல்றீங்க?"

"அந்தப் புள்ளைக்குச் சரியான மருந்து குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர். ஒங்கள கும்புட்டுக் கேக்கறேன். கோயமுத்தூருக்குப் போன் போடுங்க."

"அவங்க நேத்தே கண்டுபிடிச்சிட்டாங்கக்கா. ரத்தத்துல அதான் வளந்திருக்கு. எனக்குக் காலையிலதான் போன் வந்துச்சு. எங்கருந்து வந்துச்சுன்னு முழிச்சிட்டு இருக்கோம்."

"கம்பளிய நான் ட்ரையர்ல வெச்சு வாட்டித்தான் சிஸ்டர் கொண்டாந்தேன். வாராவாரம். ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"கம்பளியில இருந்தா செத்திருக்கும்க்கா. அது இருக்கறது அண்ணன் தோல்ல. போர்த்தின அஞ்சாவது நிமிஷம் மறுபடி கம்பளிக்கு வந்துரும். நாற்காலியில வரும், பிரஷர் பாக்கற பட்டையில வரும், ஒங்க கையில வரும், என் கையில வரும். நாங்க தொடைக்கற மருந்துக்கே அது சாகாது."

தெய்வம்மா தன் இரண்டு கையையும் பார்த்தாள். இந்தக் கையால்தானே அவள் காலைப் பிடித்துவிட்டாள், இட்லி கொடுத்தாள், மஃப்ளரைச் சரி செய்துவிட்டாள்.

"போன செவ்வாக்கெழமையே நான் சொல்லியிருந்தா?"

"தெரியாதுக்கா. மொத நாளே சரியான மருந்து போட்டிருக்கலாம். போட்டிருந்தாலும் கேட்டிருக்குமான்னு... சத்தியமா தெரியாதுக்கா."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பாள். இரண்டும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கோயமுத்தூருக்குப் போனாள். நீல அங்கி மாட்டி, கையுறை போட்டு, ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அவள் புருஷன் கிடந்த அதே மாதிரித் தனி அறை. கதவில் அதே சிவப்பு ஸ்டிக்கர். ஜோதிமணி பாதியாக இருந்தாள். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

"ஏனுங்க்கா, இதென்ன வேசம்? விண்வெளிக்குப் போறீங்களா?"

"எப்படிப் புள்ள இருக்கு?"

"இருக்கறேன். நெம்பக் குளுருது. இங்க குடுக்கற போர்வையில ஒரு வாசமும் இல்லீங்க்கா." மூச்சு வாங்கியது. "வெசனப்படாதீங்க. அண்ணாவ யாரு பாத்துக்கறா? அவருக்குச் சோறு போட்டுட்டுத்தான வந்தீங்க?"

தெய்வம்மா வாயைத் திறந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், "போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள். நர்ஸ் நேரமாயிற்று என்று கூப்பிட்டாள். வெளியே பழனிச்சாமி கையில் பரிசோதனைத் தாளோடு நின்றான்.

"எத்தன மருந்துக்குப் பாத்திருக்காங்க பாருங்க்கா. நேரா எல்லாத்துக்கும் ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட்டுன்னுதான் போட்டிருக்குது. ரெண்டே ரெண்டுதான் கேக்குமாட்ட இருக்குதுன்னாங்க. அதுல ஒண்ணு நேத்தோட கைவிட்டுருச்சு. மனுசனுக்குன்னு இருக்கற மருந்தே இவ்வளவுதானுங்களாமா! நானு என்னமோ கோயமுத்தூர் வந்துட்டா எல்லாம் இருக்கும்னு நெனச்சனுங்க."

அவன் அழவில்லை. கரண்ட் கம்பத்தில் ஏறி நின்று, எந்தக் கம்பியில் உயிர் இருக்கிறதென்று தெரியாமல் நிற்கிறவன் மாதிரி நின்றான். மிச்சமிருந்த ஒரு மருந்து நாலு நாள் வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது என்று நெல்சன் ஜீப்பில் எல்லோருக்கும் சொன்னார். ஐந்தாம் நாள் ஈரல் தாங்கவில்லை என்று அதையும் நிறுத்தினார்கள். மறுநாள் விடிகாலையில் ஜோதிமணி போய்ச் சேர்ந்தாள்.

குன்னூர் ஆஸ்பத்திரி அந்தக் கூடத்தை நாலு நாள் மூடி, குளோரின் ஊற்றித் தேய்த்தது. வருகிற பதினாலு பேருக்கும் தோலைத் துடைத்துப் பரிசோதனை செய்தார்கள். தங்கையாவைச் சேர்த்து மூன்று பேருக்கு இருந்தது. அவர்களுக்கு மற்றவர்கள் முடித்த பிறகுதான் மெஷின் கிடைத்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று கண்டுபிடிக்கக் கிருமியைப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டுமாம், அதை யாரும் அனுப்பவில்லை. நோயாளி பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதால் ரஞ்சனியும் டாக்டரும் வாய் திறக்கவில்லை. தெய்வம்மாவை ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பழைய சாமான்கள் அடைத்து வைத்திருந்த பின்னறையை ஒழித்து, வெள்ளையடித்து, மலைக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று பேருக்கும் ஒருத்தர் பின் ஒருத்தராக அங்கே டயாலிசிஸ். தனி அறை, தனி மெஷின். எந்த ஒன்றுக்காக இந்தப் பொம்பளை மலை முழுக்க ஏறி இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டாளோ, அது பத்தே நாளில் வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு முடியாதது மூன்று பேரானதும் முடிந்தது. நடுவில் ஒருத்தி செத்தாள்.

முதல் நாள் அந்த அறையில் படுத்துக்கொண்டு தங்கையா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நாந்தான் போயிருக்கணும் தெய்வம். ஆவணியிலயே."

அவள் அவரை அதட்டவில்லை. கையுறை போட்ட கையால் அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம் பழனிச்சாமி லயத்துக்கு வந்தான். மொட்டையடித்த தலையில் துண்டு கட்டியிருந்தான். தங்கையா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தெய்வம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"வியாழக்கெழமை பதினாறாம் நாள் காரியமுங்க்கா. நீங்க வந்து முன்ன நின்னு செய்யோணும். அவளுக்குக் கூடப் பொறந்த அக்கா இல்லீங்க. கடைசிவரைக்கும் உங்க பேச்சுத்தான்."

தெய்வம்மா தரையில் உட்கார்ந்தாள். "தம்பி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். ஊட்டியில் ஆரம்பித்து, பஸ், கெட்டில் ஆவி, அடுப்பு, கம்பளி, அந்த வெள்ளிக்கிழமை மாடியேறி இறங்கியது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பாதியில் அழுகை வந்தது, நிறுத்தாமல் அழுதுகொண்டே சொன்னாள். பழனிச்சாமியின் டம்ளரில் டீ ஆடை கட்டியது.

"சிஸ்டருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும் தம்பி. யார்கிட்டருந்து வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதாம்."

"பொறவு ஏனுங்க எங்கிட்டச் சொல்றீங்க?"

"நெஞ்சு தாங்கல தம்பி. என்னிய ரெண்டு அடி அடிச்சுருங்க. போலீசுல சொல்லுங்க. எதாச்சும் செய்ங்க."

அவன் உள் அறையைப் பார்த்தான். தங்கையாவின் குறட்டை கேட்டது.

"என்ன செய்யறதுங்க்கா? நானா இருந்தாலும் அந்த ஸ்டிக்கர உரிச்சிருப்பனோ என்னமோ. இத்தன நாளா, விதி, அவ்வளவுதான்னு யாரையும் நொந்துக்காம இருந்தனுங்க. அதையும் எடுத்துட்டீங்க." தலைத்துண்டை இறுக்கிக் கட்டினான். "உங்களுக்குத் தாங்கல, எங்கிட்ட எறக்கி வெச்சுட்டீங்க. நானு இத எங்கீங்க்கா கொண்டுபோயி எறக்கி வெப்பேன்? பாப்பாகிட்டயா?"

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். வாசலில் நின்றான், திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"வியாழக்கெழமை வந்துருங்க. வரலீன்னா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

தெய்வம்மா போனாள். பந்தியில் இலை போட்டாள், பொரியல் வைத்தாள். ஜோதிமணியின் அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீதான் சாமி என்ற புள்ளைக்குத் தொணையா இருந்தே" என்று எல்லோர் முன்னாலும் அழுதாள். எதிர் வரிசையில் பழனிச்சாமி குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் காதிலும் அது விழுந்தது. அடுத்த இலைக்கு நகர்ந்தான்.